ஆக்டோபஸ் நாயகனாகுமா?

ஆக்டோபஸோ ரோபோவோ வேற்றுக்கிரகவாசியோ, மனிதரல்லாத ஒன்று கதையின் நாயகனாகுமா என்றால், தாராளமாக ஆகும். ஒரே நிபந்தனை: கதை திரும்பும் இடத்தில் முடிவெடுப்பது அதுவாக இருக்கவேண்டும், அந்த முடிவால் அது எதையாவது இழக்கவும் வேண்டும். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவலில் வரும் ஜீனோ இயந்திர நாய்தான், ஆனாலும் வாசகர் மனதில் தங்கியது.

பலரும் சறுக்குவது இங்கேதான்: உடம்பு வேற்றுயிர், புத்தி மட்டும் மனிதன். ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பணுக்கள்; மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில். அப்படியிருக்க ‘அது யோசித்தது’ என்பதே அரைகுறை வாக்கியம். தலை தப்பியோட நினைக்கையில் ஒரு கை இன்னும் பாறையிடுக்கைத் துழாவிக்கொண்டிருக்கலாம். அந்த இழுபறிதான் காட்சி. தோல் நிறம் மாற்றும், ஆனால் பெரும்பாலான இனங்களின் கண்ணில் ஒரே வகை ஒளியுணர் நிறமிதான்; நம்மைப்போல் நிறங்களைப் பிரித்தறியாது. ‘சிவப்பு விளக்கைக் கண்டு மிரண்டது’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வீர்கள்.

ரோபோவுக்கு வேறு சிக்கல். நகலெடுத்த நினைவோடு மறுபடி எழுந்துவிடுமென்றால் சாவு பயமில்லை, பதற்றமும் இல்லை. கடைசி நகலுக்குப் பிந்தைய மூன்று நாள் நினைவு மட்டும் அழியும் என்று வையுங்கள். அது யாரையோ நேசிக்கத் தொடங்கியது அந்த மூன்று நாளில்தான் என்றிருக்கட்டும்.

அப்புறம், வேற்றுக்கிரகவாசிக்கு ‘க்ஸ்ட்ர்க்’ ரகப் பெயர் வேண்டாமே. படிப்பவர் நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.