வாக்கியத் திருத்த வினா: காதை நம்பாதீர்கள்

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து டான்செட் (தமிழ்நாட்டு எம்.பி.ஏ., எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு), சாட் (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு) எழுதப் போகும் பலர், ஆங்கில வாக்கியத்தின் சரியான வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வினாவில், வாக்கியத்தை மனதுக்குள் வாசித்துவிட்டு காதுக்குச் சரியாகப் படும் விடையை டிக் அடிக்கிறார்கள். தமிழ் பேசிப் பழகிய காது அங்கேதான் காலை வாரிவிடும்.

'பஸ் எல்லாம் நின்னுடுச்சு' என்கிறோம். பன்மைக்கு ஒருமை வினை வந்தாலும் நமக்கு உறுத்துவதில்லை. அதனால் 'தி வால் ஆஃப் கிரானைட் பிளாக்ஸ் அரவுண்ட் தி ஃபோர்ட் ஆர் ஸ்ட்ராங்' என்பதையும் தாண்டிப் போய்விடுகிறோம். 'ஆஃப்' முதல் 'ஃபோர்ட்' வரை பென்சிலால் அடித்துப் பாருங்கள். கணினித் தேர்வென்றால் விரலால் மறையுங்கள். மிஞ்சுவது 'தி வால் ஆர்'. பிழை தானாகத் தெரியும். 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' தொடர்களையும் இப்படியே மறைக்கலாம். 'சம் ஆஃப்', 'மோஸ்ட் ஆஃப்' வந்தால் மட்டும் மறைக்காதீர்கள். அங்கே பின்னால் வரும் பெயர்ச்சொல்தான் வினையைத் தீர்மானிக்கும்.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. 'காட்பாடியில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது' தமிழில் நல்ல வாக்கியம். 'கெட்டிங் டவுன் அட் காட்பாடி, தி ரெயின் ஸ்டார்ட்டட்' என்றால் ரயிலிலிருந்து மழையே இறங்கியதாகிவிடும். 'இங்' தொடரில் வாக்கியம் தொடங்கினால், காற்புள்ளிக்கு அடுத்து அந்தச் செயலைச் செய்தவர் நிற்கிறாரா என்று முதலில் பாருங்கள். ஒப்பீட்டிலும் இதே சிக்கல்தான். வேலூர் வெயிலைச் சென்னை வெயிலோடுதான் ஒப்பிட வேண்டும், சென்னை நகரத்தோடு அல்ல. ஆங்கிலத்தில் 'தேன் சென்னை' (than Chennai) தவறு, 'தேன் தட் ஆஃப் சென்னை' (than that of Chennai) சரி. பட்டியலில் வரும் சொற்கள் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதை விரிக்கத் தேவையில்லை.

விடைகளை ஒவ்வொன்றாக முழுதும் படிக்க வேண்டாம். அவை எங்கே பிரிகின்றன என்று தேடுங்கள். இரண்டில் 'ஹேஸ்', இரண்டில் 'ஹேவ்' இருந்தால் எழுவாயைக் கண்டுபிடித்த உடனே பாதி கழிந்துவிடும். மீதிக்கு அடுத்த வேறுபாடு. கடைசியாக, தேர்ந்ததை வைத்து முழு வாக்கியத்தையும் ஒருமுறை வாசியுங்கள். பெரும்பாலோர் விடும் படி இது. இலக்கணம் சரியாகி, சொல்ல வந்த பொருள் மாறிப்போகும் விடைகளைத் தேர்வு வைப்பவர்கள் வேண்டுமென்றே போடுகிறார்கள். 'மாற்றம் தேவையில்லை' என்று ஒரு விடை இருந்தால், அதுவும் உண்மையான விடைதான். பயந்து தள்ளாதீர்கள்.

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான உலகளாவிய தேர்வான ஜிமேட், 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் இந்த வாக்கியத் திருத்தப் பகுதியை எடுத்துவிட்டது. பழைய ஜிமேட் புத்தகங்கள் கிடைத்தால் மற்றத் தேர்வுகளின் பயிற்சிக்கு வாங்குங்கள், இலக்கணம் மாறவில்லை. பயிற்சி நோட்டில் சரியான விடையை மட்டும் எழுதிப் பயனில்லை. தள்ளிய ஒவ்வொரு விடைக்கும் எதிரே 'எழுவாய்', 'ஒப்பீடு', 'பொருள்' என்று காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள். காரணம் எழுத வராத விடையை அன்றே ஆசிரியரிடம் கேளுங்கள்.

சாட்டில் தவறான விடைக்கு மதிப்பெண் கழியாது, ஒன்றையும் விடாதீர்கள். டான்செட்டில் மூன்றில் ஒரு மதிப்பெண் கழியும். அங்கேயும் இரண்டு விடை மட்டும் மிஞ்சினால் துணிந்து ஒன்றைக் குறிப்பது லாபம்தான்.