சுங்கை சிப்புட் வகுப்பறையில் வெப்கேம்: லினக்ஸ் மின்ட்டில் படம் சரியாக வரும் வரை

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கிறது. தோட்ட ஆபீஸ்களும் பட்டணத்துக் கடைகளும் கழித்துவிடும் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அது இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மாலை டியூஷன் நடக்கும் மண்டபத்துக்கு அப்படிப்பட்ட கணினிகள்தாம் வந்தன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டோம். வைஃபை, பிரிண்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் அதிகத் தொல்லை தரவில்லை. உட்கார்ந்து பார்க்க வேண்டியிருந்தது யூஎஸ்பி வெப்கேம் ஒன்றைத்தான். வேன் வசதி இல்லாத தோட்டப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கைப்பேசியில் வகுப்பைப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஆசிரியரின் முகமும் தெரிய வேண்டும், கணக்கு போடும் நோட்டும் தெரிய வேண்டும். ஆகவே ஒரு கணினிக்கு இரண்டு கேமரா.

முதலில் ஒன்று: டிரைவர் தேடி அலைய வேண்டாம். இன்று கடையில் கிடைக்கும் வெப்கேம்களில் ஏறத்தாழ எல்லாமே யூவிசி என்ற பொதுத் தரத்தில் பேசுகின்றன. லாரண்ட் பின்சார்ட் எழுதிய யூவிசிவீடியோ டிரைவர் 2008-இல், 2.6.26 பதிப்பிலேயே லினக்ஸின் மையப்பகுதியான கர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. பெட்டியில் 'விண்டோஸ், மேக்' என்று மட்டும் அச்சிட்டிருந்தாலும் கவலை இல்லை. அலமாரியிலிருந்து யாராவது எடுத்து வரும் மிகப் பழைய கேமராக்கள் வேறு வகை. அவற்றில் பலவற்றுக்கு ஜிஎஸ்பிசிஏ என்ற டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் அவை தரும் பட வடிவத்தை இன்றைய பிரௌசர்கள் ஏற்காமல் போகலாம். வி4எல்2கன்வெர்ட் நூலகத்தை முன்னால் ஏற்றி ஒப்பேற்ற வழி உண்டு. வகுப்பறைக்கு அந்தப் பாடு வேண்டாம், யூவிசி கேமரா ஒன்று வாங்கிவிடுவதே நல்லது.

டிரைவர் இருந்தும் படம் வராவிட்டால், கம்பியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போக வேண்டும். பிரௌசரிலிருந்து கீழே இறங்கினால் எங்கே கோளாறு என்று கடைசி வரை தெரியாது.

கேமராவைக் கணினியின் பின்பக்கத் துளையில் நேராகச் செருகுங்கள். முன்பக்கத் துளைகளுக்குப் பெட்டிக்குள்ளே ஒரு கம்பி ஓடுகிறது. பழைய கணினிகளில் அதன் தரத்தை நம்ப முடியாது. கட்டளை எழுதும் சன்னலான டெர்மினலைத் திறந்து சுடோ டிஎம்இஎஸ்ஜி கட்டளையை டபிள்யூ விருப்பத்தோடு ஓடவிட்டு, அதன் பிறகு செருகினால் கர்னல் பேசுவதை வரிவரியாகப் பார்க்கலாம். 'நியூ ஹைஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்று வந்தால் நல்லது. 'ஃபுல்ஸ்பீட்' என்று வந்தால் கேமரா 480 மெகாபிட்டுக்குப் பதில் 12 மெகாபிட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்தில் வகுப்புக்கு உதவும் படம் கிடைக்காது. கம்பியை மாற்றுங்கள், இல்லையேல் துளையை மாற்றுங்கள். பிழை எண் 71 வந்தால் செய்தி சிதைந்து வருகிறது. 110 என்றால் பதில் வரக் காத்திருந்து நேரம் தீர்ந்தது. இரண்டுமே பெரும்பாலும் கம்பி, இணைப்பி, அல்லது போதாத மின்சாரத்தின் வேலை. யூஎஸ்பி 2.0 துளை 500 மில்லிஆம்பியர் தரக் கடமைப்பட்டது. மின்சாரம் செருகாத ஹப்பில் மவுஸ், கீபோர்டு, பென்டிரைவ், கேமரா நான்கும் தொங்கினால் அந்த 500-ஐத்தான் பங்கு போட வேண்டும்.

கம்பி நீளம் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் கோயில் விழாவை நேரலையாகக் காட்டுபவர்களும் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். யூஎஸ்பி 2.0 கம்பிக்கு 5 மீட்டர்தான் எல்லை, கேமராவோடு வரும் கம்பியும் அதில் அடக்கம். சாதாரண நீட்டிப்புக் கம்பிகளை ஒன்றோடு ஒன்று கோத்தால் கேமரா சில நேரம் ஓடும், சில நேரம் காணாமல் போகும். நடுவில் சிப் வைத்த 'ஆக்டிவ்' கம்பி கொஞ்சம் கூடுதல் தூரம் தரும். அதைவிடச் சிறந்தது கணினியைக் கேமரா அருகே கொண்டுபோய், நெட்வொர்க் கேபிளை நீட்டுவது. கேட்5இ கேபிள் 100 மீட்டர் வரை போகும். மாலையில் இடிமழை வழக்கமான ஊரில் இதற்கு இன்னொரு நன்மையும் உண்டு: நெட்வொர்க் இணைப்பின் இரு முனையிலும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் கணினிக்கும் ரௌட்டருக்கும் நேரடி மின்தொடர்பு இல்லை. யூஎஸ்பி கம்பியில் அந்தப் பிரிப்பு கிடையாது. மின்னல் நேராக இறங்கினால் இரண்டும் போகும், அது வேறு. வானம் கறுத்தால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

கம்பி சரி என்றால் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை. கேமராவின் அடையாள எண் இரண்டு பகுதியாக வரும். லாஜிடெக் சி270-க்கு 046டி:0825. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். அதே கட்டளையை டி (-t) விருப்பத்தோடு போட்டால் எந்தக் கேமரா எந்தப் பஸ்ஸில் (பல துளைகள் பங்கிடும் யூஎஸ்பி பாதையில்) என்ன வேகத்தில் இருக்கிறது, எந்த டிரைவர் பிடித்திருக்கிறது என்று மரம்போல் காட்டும்.

அடுத்து வி4எல்-யூடில்ஸ் என்ற பொதியை நிறுவுங்கள். அதிலுள்ள வி4எல்2-சிடிஎல் கருவிதான் இனி எல்லா வேலைக்கும். 'லிஸ்ட்-டிவைசஸ்' விருப்பத்தோடு ஓட்டினால் ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர் தெரியும். இரண்டு கேமரா இருப்பதாக நினைக்க வேண்டாம். கர்னல் 4.16 முதல் படத்தோடு வரும் துணைத் தகவலுக்கென்று தனி வாசல் திறக்கிறார்கள். படம் வீடியோ0-இல் வரும், வீடியோ1-ஐத் திறந்தால் பிழைதான் வரும். இரண்டாவது கேமரா வீடியோ2, வீடியோ3 ஆகும். கணினியை மறுபடி தொடங்கினால் இந்த எண்கள் இடம் மாறலாம். நிலையான பெயர் வேண்டுமென்றால் டெவ் கோப்புறைக்குள் வி4எல், அதற்குள் பை-ஐடி என்ற கோப்புறையில் கேமராவின் சொந்தப் பெயரோடு இருக்கும். ஒரே மாடலில் இரண்டு வாங்கி, இரண்டிலும் வரிசை எண் பதியாமல் இருந்தால் அந்தப் பெயர்கள் மோதிக்கொள்ளும். அப்போது செருகிய துளையை வைத்துப் பெயரிடும் பை-பாத் கோப்புறையைப் பயன்படுத்துங்கள், துளையை மாற்றாதீர்கள்.

இப்போது பட வடிவம். 'லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட்' விருப்பம், கேமரா எந்த வடிவத்தில் எந்த அளவை எத்தனை பிரேமில் தரும் என்று பட்டியலிடும். பெரும்பாலும் ஒய்யூஒய்வி, எம்ஜேபெக் என்று இரண்டு இருக்கும். ஒய்யூஒய்வி சுருக்காத படம், ஒரு புள்ளிக்கு 2 பைட். 640×480 அளவில் நொடிக்கு 30 பிரேம் என்றால் 18.4 மெகாபைட். 1280×720-க்கு அதே 30 பிரேம் வேண்டுமென்றால் 55 மெகாபைட்டைத் தாண்டும். யூஎஸ்பி 2.0-இல் ஒரு கேமரா அதிகபட்சம் ஒதுக்கிக்கொள்ளக் கூடியதே 24.5 மெகாபைட்தான். அதனால்தான் 720 அளவில் ஒய்யூஒய்வி 10 பிரேமோடு நின்றுவிடுகிறது. 'கேமரா விக்குகிறது' என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கோளாறு இதுவே. ஒவ்வொரு பிரேமையும் சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக்குக்கு மாற்றினால் அதே கேமரா 30 பிரேம் தரும். சோதிக்க எஃப்எஃப்பிளே கருவியில் உள்வாங்கும் வடிவம் எம்ஜேபெக், அளவு 1280×720 என்று கொடுத்துப் பாருங்கள். கட்டளை எழுதத் தயங்குபவர்கள் ஜியூவிசிவியூ நிறுவலாம், எல்லாமே பொத்தானாக இருக்கும்.

இரண்டாவது கேமராவைத் திறக்கும்போது 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்' என்று வந்தால் ஹார்ட் டிஸ்க்கைக் காலி செய்யக் கிளம்பாதீர்கள். இடம் இல்லாதது யூஎஸ்பி பஸ்ஸில். கேமரா உண்மையில் அனுப்பும் அளவைப் பார்த்து யூஎஸ்பி பாதை ஒதுக்குவதில்லை. கேமரா ஓடத் தொடங்கும்போதே எவ்வளவு வேண்டும் என்று கேட்டு முன்பதிவு செய்துகொள்கிறது. யூஎஸ்பி 2.0 நேரத்தை நொடியில் 8,000 துண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டில் 7,500 பைட் கொள்ளும், அதில் 80 விழுக்காடு, அதாவது 6,000 பைட்தான் இப்படி முன்பதிவுக்கு. உச்ச அளவு கேட்கும் கேமரா ஒன்று 3,072 பைட் எடுக்கிறது. இரண்டு சேர்ந்தால் 6,144. நூலிழையில் தாண்டிவிடுகிறது, இரண்டாவது கேமராவுக்குக் கதவு மூடுகிறது.

மாற்று வழி மூன்று உண்டு. நோட்டைக் காட்டும் கேமராவின் அளவையோ பிரேமையோ குறைக்கலாம். கை மெதுவாக அசையும் இடத்தில் 15 பிரேம் தாராளம், ஆனால் எழுத்து தெரிய அளவு 720-ஆவது வேண்டும். அடுத்து, சில மலிவுக் கேமராக்கள் தேவைக்கு மேல் கேட்டு அடம்பிடிக்கும். மோட்ப்ரோப்.டி கோப்புறையில் ஒரு கோப்பு வைத்து, யூவிசிவீடியோவுக்கு 'குவர்க்ஸ்' மதிப்பு 128 என்று கொடுத்தால் டிரைவர் தானே கணக்குப் போட்டுத் தேவையானதை மட்டும் கேட்கும். இது சுருக்காத வடிவத்துக்கு மட்டுமே பயன்படும். எம்ஜேபெக்கில் ஓடும்போது இந்த 128-ஐ எத்தனை முறை எழுதினாலும் பலன் இல்லை. மூன்றாவது, எங்கள் மண்டபத்தில் நிலைத்து நின்ற வழி: இரண்டு கேமராவையும் வெவ்வேறு பஸ்ஸில் வைப்பது. டி விருப்பத்தோடு எல்எஸ்யூஎஸ்பி போட்டுக்கொண்டே துளை துளையாக மாற்றிப் பார்த்தால் எது எந்தப் பஸ் என்று தெரிந்துவிடும். எல்லாத் துளையும் ஒரே பஸ்ஸாக இருந்தால் பிசிஐ எக்ஸ்பிரஸ் யூஎஸ்பி கார்டு ஒன்று போடுங்கள். ஹப் வாங்குவது தீர்வு ஆகாது, அதே பாதையைத்தான் அது பங்கிடுகிறது.

படம் வந்த பிறகுதான் மண்டபத்தின் டியூப் லைட் தன் வேலையைக் காட்டும். முகத்தின் மேல் கரும்பட்டைகள் மெல்ல ஊர்ந்து ஏறும். மலேசிய மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோக்கும் ஸ்டார்ட்டரும் உள்ள பழைய டியூப் லைட் நொடிக்கு 100 முறை மங்கி எரிகிறது. கேமரா ஒரு பிரேமுக்கு ஒளி வாங்கும் நேரம் 1/100 நொடியின் மடங்காக இருந்தால் படத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு வெளிச்சம் விழும். பல கேமராக்கள் 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்கான கணக்கோடு வருகின்றன, அதனால் பட்டை. வி4எல்2-சிடிஎல்-இல் 'பவர்_லைன்_ஃப்ரீக்வென்சி' என்ற அமைப்பை 1 ஆக்குங்கள். 0 என்றால் அணைப்பு, 1 என்றால் 50, 2 என்றால் 60. லினக்ஸில் வெப்கேம் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் இந்த நாட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான். மாற்றுபவர் மிகச் சிலரே என்பது வருத்தம்.

அதே அமைப்புப் பட்டியலில் 'எக்ஸ்போஷர்_டைனமிக்_ஃப்ரேம்ரேட்' இருக்கும். பழைய கர்னலில் இதன் பெயர் 'எக்ஸ்போஷர்_ஆட்டோ_பிரையாரிட்டி'. இது 1 ஆக இருந்தால், வெளிச்சம் குறையும்போது கேமரா ஒளியை நீண்ட நேரம் வாங்குவதற்காகப் பிரேமைத் தானே பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்துவிடும். பகலில் நன்றாக ஓடிய வகுப்பு ஏழு மணிக்கு மேல் இழுத்து இழுத்து ஓடும். பழி இணையத்தின் மேல் விழும். 0 ஆக்கினால் ஓட்டம் சீராகும், படம் கொஞ்சம் இருளும். அந்த இருளுக்கு மருந்து மென்பொருளில் இல்லை. ஆசிரியர் முகத்துக்கு எதிரே ஒரு மேசை விளக்கு வையுங்கள். சன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டாம்.

கேமராவைக் கழற்றிச் செருகினால் இந்த மாற்றங்கள் போய்விடும். நிலைநிறுத்த, இடிசி கோப்புறைக்குள் யூடெவ், ரூல்ஸ்.டி என்று போய் 99 என்று தொடங்கும் பெயரில் ஒரு விதிக் கோப்பு எழுத வேண்டும். துணைமுறை 'வீடியோ4லினக்ஸ்', முன்பு குறித்து வைத்த அடையாள எண்ணின் இரு பகுதிகள், 'இன்டெக்ஸ்' மதிப்பு 0 ஆகியவை பொருந்தினால், வி4எல்2-சிடிஎல்-ஐ அதன் முழுப் பாதையோடு ஓட்டச் சொல்லும் ஒரே வரி போதும். இன்டெக்ஸ் 0 என்று எழுதாவிட்டால் துணைத் தகவல் வாசலுக்கும் கட்டளை ஓடிப் பிழை விழும். கோப்பைச் சேமித்து, யூடெவ்ஏடிஎம் கருவிக்கு விதிகளை மறுபடி படிக்கச் சொல்லிவிட்டு, கேமராவைக் கழற்றிச் செருகுங்கள்.

பிரௌசரில் மிஞ்சுவது சில்லறை வேலைதான். முகவரி எச்டிடிபிஎஸ் இல்லையென்றால் பிரௌசர் கேமராவைக் கொடுக்காது. 'டிவைஸ் பிஸி' என்றால் வேறொரு நிரல் கேமராவைப் பிடித்திருக்கிறது. ஃபியூசர் கட்டளையை வி விருப்பத்தோடு வீடியோ0 மேல் ஓட்டினால் யார் என்று தெரியும், பெரும்பாலும் சோதனைக்குத் திறந்து மூடாமல் விட்ட ஜியூவிசிவியூ. பிளாட்பேக்காக (தனிப்பெட்டிக்குள் ஓடும் பொதியாக) நிறுவிய செயலி கேமராவைக் காணவில்லை என்றால் பிளாட்சீல் நிறுவி அந்தச் செயலிக்குச் சாதன அனுமதி கொடுங்கள். திரையில் உட்கார்ந்து நுழைந்தவருக்கு அனுமதி தானாகவே கிடைக்கும். பின்னணியில் ஓடும் சேவைக்கோ தொலைவிலிருந்து நுழைபவருக்கோ மட்டும் 'வீடியோ' குழுவில் பெயர் சேர்க்க வேண்டும், சேர்த்தபின் வெளியேறி மறுபடி நுழைய வேண்டும்.

ஒலி தனிக் கதை. கேமராவிலுள்ள மைக் வேறொரு சாதனமாகவே கணினிக்குத் தெரியும். படம் வந்துவிட்டதால் ஒலியும் வரும் என்று இருக்க வேண்டாம். பாவுகண்ட்ரோல் நிறுவி, உள்ளீடு பகுதியில் கேமராவின் பெயரைத் தேர்ந்து, பேசும்போது பட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். இரண்டு கேமரா இருந்தால் நோட்டுக்கு மேலே தொங்கும் கேமராவின் மைக்கை அங்கேயே அணைத்துவிடுங்கள். பேனா கீறும் ஓசைதான் அதில் அதிகம் விழும்.