ஆய்வகத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணி

1930களின் ஹாலிவுட் திகில் படங்களில் பித்துப் பிடித்த விஞ்ஞானி என்றால், அவர் அநேகமாக வெள்ளைக்கார ஆணாகத்தான் இருப்பார். மற்ற இனத்தவருக்கு வேலைக்காரர் வேடமோ, பயந்து நடுங்கிச் சிரிக்கவைக்கும் வேடமோதான் மிஞ்சும். சீன வில்லன் தேவைப்பட்ட 1932ஆம் ஆண்டின் ஃபூ மாஞ்சு படத்தில்கூட லண்டனில் பிறந்த போரிஸ் கார்லாஃபுக்கே ஒப்பனை போட்டார்கள். (அவருடைய முன்னோரில் இந்தியரும் உண்டு என்பது தனிக்கதை.)

அதனால்தான் 1940இல் வெளிவந்த 'சன் ஆஃப் இங்காகி' எனக்கு முக்கியமாகப் படுகிறது. கறுப்பின நடிகர்களே முழுக்க நடித்து, இனப் பிரிவினை நிலவிய காலத்தில் கறுப்பினப் பார்வையாளர்களுக்காக எடுக்கப்பட்ட இப்படத்தின் கதையை எழுதியவர் ஸ்பென்சர் வில்லியம்ஸ். இயக்குநர் ரிச்சர்ட் கான் வெள்ளையர். லாரா போமன் நடித்த டாக்டர் ஹெலன் ஜாக்சன், யாருக்கும் அஞ்சாத, கடுகடுப்பான முதிய பெண்மணி. வீட்டின் அடித்தளத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குரங்கு மனிதனை மறைத்து வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்கிறார். துப்பறிவாளராக வரும் வில்லியம்ஸ் ஆசையாகச் செய்துவைத்த சாண்ட்விச்சை அந்த மிருகம் எடுத்துத் தின்றுவிடும் காட்சி இன்றும் சிரிப்பை வரவழைக்கிறது.

குறையில்லாத படமன்று. ஆப்பிரிக்கா என்றாலே தங்கமும் குரங்கு மனிதனும்தான் என்ற பழைய கற்பனையை இதுவும் விடவில்லை. தான் தயாரித்த மருந்தைக் குடித்து வெறிகொண்ட மிருகத்தாலேயே ஹெலன் இடையில் கொல்லப்படுவதால், அதன்பின் படம் சாதாரணப் பேய்வீட்டுக் கதையாகச் சுருங்கிவிடுகிறது.