ரெண்டு பக்கமும்

அக்டோபர் 9
அமெரிக்கக் கால்பந்தில் பெரியவனுக்குத் தலையில் அடி. ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. இன்றைக்கு இது போதும்.

அக்டோபர் 10
பெரியவனுக்கு வெளிச்சம் ஆகவில்லை. ரசம் சாதம் ரெண்டு வாய். போன் கேட்டான், தரவில்லை. கிழமை கேட்டேன், சரியாகச் சொன்னான். அப்புறமும் கேட்டுக்கொண்டே இருந்தேன். "அம்மா, போதும்."

அக்டோபர் 12
இவர் மறுபடி அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்து வீரர் கிஃபோர்டு கதையை எடுத்தார். 1960 நவம்பர் 20, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியம். பாஸைப் பிடித்து ஓடிய ஜயன்ட்ஸ் அணியின் ஃப்ராங்க் கிஃபோர்டை எதிரணி ஈகிள்ஸின் சக் பெட்னாரிக் முட்டிச் சாய்த்தார். பந்து ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். நினைவில்லாமல் ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். 1961 முழுக்க ஆடவில்லை. "62ல திரும்பி வந்தாரே, அதுவும் வேற பொசிஷன்ல!" எனக்குச் சொல்லும் ஆறுதலாம். மெதுவாகப் பேசுங்கள், பிள்ளை தூங்குகிறான் என்றேன்.

அக்டோபர் 13
தலைவலி குறைவு. இட்லி மூன்று!

அக்டோபர் 16
தூக்கம் வராமல் நானே தேடிப் படித்தேன். கிஃபோர்டு ஹாஃப்பேக். பந்தோடு ஓடுவார், பிடிப்பார், எறிவார். ஹாஃப்பேக்காக இருந்துகொண்டே 14 டச் டவுன் பாஸ், அதாவது புள்ளி வாங்கித் தரும் பாஸ், எறிந்திருக்கிறார். தேவைப்பட்டால் உதைக்கவும் செய்தார். 1953இல் ஜயன்ட்ஸில் ஆள் பற்றாக்குறை, தாக்குதலிலும் இறங்கினார், தடுப்பிலும் இறங்கினார். 1956இல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர், அந்த வருடம் ஜயன்ட்ஸ் பியர்ஸ் அணியை 47-7 என்று நொறுக்கிக் கோப்பை வாங்கியது. எல்லாரும் இதைத்தான் மெச்சுகிறார்கள். எனக்கோ 1953லேயே மனசு நிற்கிறது. எல்லாம் தெரிந்தவனை யார் உட்கார விடுவார்கள்? பெரியவன் டீமிலும் ஆள் கம்மி, ரெண்டு பக்கமும் அவன்தான். முழு ஆட்டமும் வெளியே வருவதே இல்லை.

அக்டோபர் 19
கோச் கூப்பிட்டார். நலம் விசாரித்தார். அடுத்த கேள்வி, எப்போது வருவான்.

அக்டோபர் 21
2015 ஆகஸ்டில் கிஃபோர்டு இறந்தார். நவம்பரில் குடும்பமே அறிவித்தது: மூளையைப் பரிசோதித்ததில் சிடிஇ. தலையில் திரும்பத் திரும்ப அடிபட்டு வருகிற நோய். 1960இன் அந்த ஒரு அடியாலா, 12 சீசன் அடியாலா, யார் பிரித்துச் சொல்ல? பெட்னாரிக்கைத் திட்டவும் வழியில்லை, முட்டிச் சாய்த்தது விதிப்படிதான் என்று கிஃபோர்டே சொல்லிவிட்டார். அந்த மனிதரும் 35 வயதில் ரெண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தவர்தான்.

இவரிடம் கேட்டேன், தெரியுமா என்று. தெரியும் என்றார். "84 வயசு வரைக்கும் இருந்தாருல்ல?"

பதில் பேசவில்லை நான்.

அக்டோபர் 22
இன்னும் பேசவில்லை.

அக்டோபர் 24
பெரியவன் மாடியிலிருந்து பாடிக்கொண்டே இறங்கினான். மறுபடி ஆட விடலாம் என்ற படிவம் வந்திருக்கிறது. டாக்டர் கையெழுத்து ஓரிடம், பெற்றோர் கையெழுத்து ஓரிடம். இவர் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பிடுங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டேன், படிவத்தையும் சேர்த்து.

அக்டோபர் 25
நாளை 8.30க்கு நரம்பு டாக்டர். இன்ஷூரன்ஸ் அட்டை, பழைய ஸ்கேன் சிடி. சின்னவளை யார் பள்ளியில் விடுவது?