குளிராத ஆறு

மலேசியாவில் சுங்கை பிளஸ் ஆற்றில் முதல்முறை காலை வைத்தபோது எனக்குத் தொண்டையை அடைத்தது. ஆழத்தைப் பார்த்து இல்லை, அட்டைக்குப் பயந்தும் இல்லை. தண்ணீர் குளிரவில்லை. மலையிலிருந்து இறங்கும் ஆறு, வழுக்குப் பாறை, நுரை, இரண்டு பக்கமும் காடு, எல்லாம் முறைப்படிதான் இருந்தது. காலை வைத்தால் மட்டும், யாரோ குளிக்க விளாவி வைத்துவிட்டு மறந்துபோன தண்ணீர் மாதிரி!

கொழுந்தன் கரையில் நின்று பெருமையாகக் கேட்டான். "எப்படி அண்ணி, சில்லுன்னு இருக்கா?"

"இருக்கு தம்பி" என்றேன். கல்யாணமாகி வந்த புதிது. வேறென்ன சொல்ல?

நான் எமரால்டுக்காரி. நீலகிரியில் குந்தா மின்திட்டத்துக்காகக் கட்டிய அணை ஒருபக்கம், அரசாங்கத்து டான்டீ தேயிலை மறுபக்கம். தாத்தா காலத்தில் இலங்கையில், கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டம். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேற்றி அனுப்பிவிட, நீலகிரிக்கு வந்து திரும்பவும் தேயிலை. அப்பா ஒருவர்தான் தேயிலையிலிருந்து தப்பி மீன்துறையில் வாட்சர் வேலைக்குப் போனவர். அவலாஞ்சியில் 1907இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய டிரவுட் மீன் பண்ணை இருக்கிறதே, அங்கேதான். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் அந்தப் பக்கம் உறைபனியில் புல் வெளுத்துக் கிடக்கும். ஓடையில் கையை விட்டால் மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போகும். ஆறு என்றால் எனக்கு அந்த மரத்துப்போதல்தான்.

டிரவுட் என்னைவிடப் பிடிவாதமான மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்கு மூச்சு முட்டும். சூடேறிய தண்ணீரில் பிராணவாயு குறைந்துவிடும், 25ஐத் தொட்டால் தாக்குப்பிடிப்பது கஷ்டம். நான் வாக்கப்பட்டு வந்த சுங்கை சிப்புட்டில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரே அதற்கு மேலே இருக்கும். ஆக, அப்பா வளர்த்த இரண்டு உயிரினங்களில் ஒன்றை மட்டும்தான் இந்த ஊருக்கு அனுப்ப முடிந்தது.

ஊர் நல்ல ஊர், குறை சொல்லக்கூடாது. ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் பால்மரம், இப்போது கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. மலேசிய இந்தியர்களின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் ஊர். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையில்தான் என் வீட்டுக்காரர் படித்தார். மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுவோம், முப்பது நாற்பது வருஷம் பால்மரம் சீவியவர். லாசா ரோட்டில் காடி ஏறினாலே அவருக்கு எல்பில் தோட்டம் ஞாபகம் வந்துவிடும். 1948 ஜூன் 16ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் துரையைச் சுட்டது, அதிலிருந்து அவசரகாலம், முள்வேலி, அரிசிக்கு அளவு. அப்போது இவர் கைக்குழந்தை. ஆனால் கேட்டால், துப்பாக்கிச் சத்தம் கேட்டுத் தானே ஓடிப்போய்ப் பார்த்த தோரணையில்தான் சொல்வார். லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்று அவர் தோட்டப் பேச்சுப் பேச ஆரம்பித்தால் எங்கள் தாத்தாவே எதிரில் உட்கார்ந்திருக்கிறார் என்று தோன்றும். அந்த வகையில் எனக்கு இங்கே அந்நியமே கிடையாது.

வெக்கைதான். காலையில் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தால் குளித்ததே வீண். ராத்திரி மின்விசிறி ஐந்தில் சுற்றும், அதுவும் சூடான காற்றைத்தான் இங்கேயிருந்து அங்கே தள்ளும். கம்பளி இல்லாமல் தூங்கிப் பழக்கமில்லாத உடம்பு. மேலே கனம் இல்லையென்றால் தூக்கம் பிடிக்காது. அதனால் ஏசியை 16இல் வைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். மின்சார பில் வந்த அன்று வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பில்லைக் குளிர்சாதனப்பெட்டி மேல் காந்தம் வைத்து ஒட்டிவிட்டுப் போனார்.

என்னைத் தேற்ற வேண்டும் என்று ஒருமுறை குடும்பமே கேமரன் மலைக்குக் கூட்டிப்போனது. தாப்பா தாண்டி வளைந்து வளைந்து ஏறி, தானா ரத்தாவில் இறங்கினால் எல்லாரும் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு கையைத் தேய்க்கிறார்கள். நான் அரைக்கை ரவிக்கையோடு நின்று சோளம் தின்றேன். "இந்தப் பொண்ணு உடம்புல என்னதான் இருக்கோ" என்று அத்தை தன் சால்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டார். 'போ' (BOH) தேயிலைத் தோட்டத்துச் சரிவைப் பார்த்ததும், அது 1929இல் தொடங்கியது என்று வாசித்ததும், கொழுந்து வாசம் மூக்கில் ஏறியதும் எல்லாம் சரி. ஓரமாக ஓடிய ஓடையில் குனிந்து கையை விட்டுப் பார்த்தேன். குளிர்தான். ஆனால் எமரால்டில் இதைப் 'பரவாயில்லையே, இன்னிக்கு வெயில் அடிச்சிருக்கு' என்போம்.

தூண்டில் விஷயத்துக்கு வருகிறேன். என் சீர்வரிசையில் குத்துவிளக்கு, பித்தளைக் குடம் இவற்றோடு ஒரு பழைய ஃபைபர் தூண்டிலும் வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு தோட்டத்துத் துரை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது. நாத்தனார் அதை இன்னும் விடவில்லை. யாராவது விருந்தாளி வந்தால், "எங்க அண்ணிக்கு அவங்க வீட்ல தூண்டில் போட்டாங்க" என்பாள்.

பெரிய மாமாவுக்கு அந்தத் தூண்டிலைப் பார்த்ததும் நூறு கேள்வி. புழு இல்லை, ரொட்டி இல்லை, கொக்கியில் இறகைப் பூச்சி மாதிரி கட்டி மீனை ஏமாற்றுவது என்றால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வாசலில் நின்று வீசிக் காட்டினேன். இந்தத் தூண்டிலில் இரைக்குக் கனமே கிடையாது, நூலுக்குத்தான் கனம். நூலைப் பின்னால் வீசி, அது முழு நீளத்துக்கும் விரியும் வரை பொறுத்து, பிறகு முன்னால் தள்ள வேண்டும். அந்தப் பொறுக்கும் நேரத்தில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது. எல்லாம் பார்த்துவிட்டு மாமா கேட்டார்.

"பின்னால மரம் இருந்தா?"

அதுதான் கேள்வி! அவலாஞ்சிப் பக்கம் புல்மேடுகள், முதுகுக்குப் பின்னால் வானம்தான் இருக்கும். இங்கே முதுகை ஒட்டிக் காடு. முதல் நாள் நான் பிடித்தது எல்லாம் மூங்கிலும் பிரம்பு முள்ளும்தான். பிறகுதான் நூலைப் பின்னால் வீசாமல், தண்ணீரின் மேலேயே இழுத்து வளையமாக உருட்டி எறியும் முறையை அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுப் பழகினேன். அவர் கையசைவைச் சொல்ல, நான் கூடத்தில் துடைப்பக்கட்டையை வைத்து உருட்டிப் பார்க்க, அத்தை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்.

அப்பா தொலைபேசியில் வந்தால் பேச்சு பண்ணைக்குத்தான் போகும். குளிர்காலத்தில் சினைப்பட்ட பெண் டிரவுட்டை எடுத்து, வயிற்றைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழே மெல்ல வழித்துவிடுவார். ஈரமில்லாத எனாமல் பேசினில் ஆரஞ்சு நிற முட்டைகள் உருண்டு விழும். அதன்மேல் ஆண் மீனின் பாலைப் பீய்ச்சி, கோழி இறகால் கலக்குவார். கை பட்டால் முட்டை நசுங்கும், கரண்டி பட்டால் கீறும், அதனால் இறகு. பிறகுதான் தண்ணீர். ஓடும் தண்ணீரில் தட்டுத் தட்டாக வைத்த முட்டைக்குள் சில வாரத்தில் இரண்டு கறுப்புப் புள்ளி தெரியும், அவை கண்கள். செத்த முட்டை வெளுத்துப்போகும். அதை இடுக்கியால் உடனே எடுக்காவிட்டால் பூஞ்சை பிடித்துப் பக்கத்து முட்டையும் போய்விடும். நானும் தங்கையும் எட்டிப் பார்த்தால், "மூச்சு விடாம பாருங்க" என்பார். நாங்கள் நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவ்வளவு பாடுபட்டு வளர்த்து ஓடையில் விட்ட மீனைப் பிடிக்க அப்போது லைசென்ஸ் வேண்டும். அதை வாங்கிக்கொண்டு ஜீப்பில் வந்தவர்கள் வேறு ஆட்கள். நாங்கள் டிரவுட் தின்றது மிக அபூர்வம். போன மாதம் ஈப்போவில் ஒரு பெரிய கடையில் நார்வே டிரவுட்டைத் துண்டு போட்டு, பிளாஸ்டிக் சுற்றி, பனிக்கட்டி மேல் அடுக்கி வைத்திருந்தார்கள். விலையைப் பார்த்தேன். ஜீப்காரர்களுக்கே வைத்துக்கொள்ளட்டும் என்று நெத்திலி வாங்கிக்கொண்டு வந்தேன்.

இந்த ஆற்றின் துரை கெலா மீன். நம் ஊர்க் கெண்டை வகைதான், ஆனால் உள்ளங்கையில் பாதி வரும் ஒவ்வொரு செதிலும், செம்பும் பொன்னும் கலந்த நிறம். தாடையில் பல் கிடையாது, தொண்டைக்குள் இருக்கிறது. கரையோரத்து மரங்களிலிருந்து உதிரும் பழத்தைக் கொட்டையோடு விழுங்கி அங்கே வைத்து நொறுக்கும். செம்பனை வந்த பிறகு அதற்கு அந்தப் பழத்தின் ருசி பிடித்துப்போனது. பெரிய மாமாவின் இரையும் அதுதான், தோட்டத்து உதிரிப் பழம்.

அப்படியானால் நான் கட்ட வேண்டியது பூச்சி இல்லை, பழம். அப்பா சொல்லிக்கொடுத்த பூச்சிகளுக்கு இங்கே வேலை குறைவு. அந்தக் காலத்தில் எங்கள் மலைக் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்குச் சீமையில் அப்படி ஒரு கிராக்கியாம், ஒவ்வொரு இறகிலும் மஞ்சள் மெழுகுப் பொட்டு இருக்கும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது, அப்பா நாட்டுக்கோழி இறகில்தான் கட்டுவார். எனக்கு இறகே வேண்டாம், செம்மஞ்சள் கம்பளி நூல் வேண்டும். சுங்கை சிப்புட் முழுக்க அலைந்தும் கம்பளி நூல் கிடைக்கவில்லை. இந்த ஊரில் யார் வாங்குவார்கள்?

பீரோவில் அம்மா பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர் இருந்தது. செம்மஞ்சள் உடம்பு, கறுப்புக் கழுத்து. வந்ததிலிருந்து மடிப்புக் கலையவில்லை, ஓரத்தில் பூஞ்சை வாசம் வேறு. கீழ் ஓரத்தில் முடிச்சைக் கண்டுபிடித்து இழுத்தேன். வரிசை வரிசையாக அவிழ்ந்து வந்தது. அத்தை பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"ஐயோ, பெத்தவ பின்னினதாச்சே!"

"அவங்களே மீன்காரர் பொண்டாட்டிதான் அத்தை, ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

கொக்கியின் தண்டில் நூலை நெருக்கமாகச் சுற்றி, நடுவில் பருத்து இரண்டு நுனியிலும் ஒடுங்கும்படி கத்தரியால் செதுக்கி, தலையில் மட்டும் கறுப்பு நூல் நாலு சுற்று. பழுத்த செம்பனைப் பழத்துக்கு நுனி கறுத்துத்தானே இருக்கும். கடைசியில் முடிச்சுப் போட்டு ஒரு சொட்டு நகப்பாலிஷ். சாப்பாட்டு மேசையில் ஐந்தாறு காய வைத்திருந்தேன், சின்னவன் ஒன்றை வாயில் போடப் போய்விட்டான்.

ஆற்றில் அப்பாவின் பாடமெல்லாம் தலைகீழ். டிரவுட்டுக்குப் பூச்சி விழும் சத்தமே கேட்கக்கூடாது, நிழல்கூடத் தண்ணீரில் விழக்கூடாது. கெலாவுக்குத் 'தொப்' என்று சத்தம் கேட்க வேண்டும். பழம் விழுகிற சத்தத்துக்குத்தான் அது திரும்பும். லாசாவுக்கு மேலே, எங்களுக்கு வழிகாட்ட வந்த தெமியார் பழங்குடி அண்ணன் ஒரு பாறைக்குக் கீழே இருந்த மடுவைக் காட்டி, அங்கே போடு என்றார். போட்டேன். ஸ்வெட்டர் நூல் தண்ணீர் குடித்து மெல்ல அமிழ்ந்தது. நூல் ஒருமுறை நின்றது. அடுத்த நொடி ராட்டை அலறுகிறது, என் கை தோள்பட்டையிலிருந்து போய்விடும் போல ஓர் இழுப்பு, மீன் நேரே பாறை இடுக்குக்கு ஓடுகிறது. கொழுந்தன் "விடாதீங்க அண்ணி, விடாதீங்க" என்று கத்துகிறான், நானும் என்னவோ கத்தினேன், அது என்ன என்று பிறகு யாரும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் தண்ணீர் குளிர்ந்ததா சுட்டதா என்று எனக்கு நினைவே இல்லை.

இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். தண்ணீரை விட்டுத் தூக்காமல் கொக்கியைக் கழற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தேன். செவுள் நன்றாக அசைந்ததும் கையை விட்டேன்.

கரையில் பெரிய மாமா உட்கார்ந்தே விட்டார்.

"என்னம்மா பண்ணிட்ட? கிலோ என்ன விலை தெரியுமா?"

தெரியும், நூற்றுக்கணக்கில் ரிங்கிட். கெலா மெதுவாக வளரும் மீன், ஆற்றுக்கு ஆறு குறைந்துகொண்டே போகிறது என்று எடுத்துச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. வீடு வரும் வரை, பின்சீட்டில் இருந்து, அந்த மீனை என்னென்ன விதமாகச் சமைத்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அசாம் புளி போட்டு, இஞ்சி போட்டு ஆவியில், தலையை மட்டும் தனியாக.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. ஏசியை 20க்கு ஏற்றிவிட்டேன். காலையில் நாசி லெமாக் இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது. மார்கழி பிறந்தால் மட்டும் விடிவதற்கு முன்பே முழிப்பு வந்துவிடும். புல் வெளுத்திருக்கிறதா என்று ஜன்னலைத் திறந்து பார்ப்பேன். எதிர்வீட்டு அண்ணன் வெறும் உடம்போடு மோட்டார் கழுவிக்கொண்டிருப்பார்.

பெரிய மாமா பத்து நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் தானே வந்து, "அந்தக் கம்பளிப் பழம் ரெண்டு கொடு, பார்ப்போம்" என்றார். கொடுத்தேன். சாயந்தரம் பை நிறையத் தெங்காஸ் மீனோடு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அப்பாவுக்குப் படம் அனுப்பலாம் என்று தூண்டிலை வாங்கிப் பார்த்தேன். நான் கட்டிய பழத்தின் மேலேயே, கொக்கி முனையில் ஒரு நிஜச் செம்பனைப் பழத்தைக் குத்தி வைத்திருந்தார்.

"என்ன மாமா இது?"

"உன்னோடது பார்க்கிறதுக்கு. என்னோடது தின்கிறதுக்கு. மசாலா அரைச்சாச்சா?"