கோல குபு பாரு ஆற்றில் 5ஆம் நம்பர் ராட்

விரலில் மீன்வாடை இன்னும் போகவில்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கு வந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. குளிப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கோல குபு பாருவுக்கு மீன் பிடிக்க எப்படிப் போவது, எவ்வளவு செலவு என்று வரிசையாகச் சொல்கிறேன்.

ஃப்ளை என்கிற போலிப் பூச்சியைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிக்கும் இந்தப் பைத்தியம் நியூசிலாந்தில் பிடித்தது. இரண்டு வருடத்துக்கு முன் தொங்காரிரோ ஆற்றில் 4 நாள் நின்றேன். தௌப்போ ஏரியில் வளரும் ரெயின்போ டிரவுட் மீன், குளிர்காலத்தில் முட்டையிட அந்த ஆற்றில் ஏறி வரும். அங்கே டிரவுட்டை விற்பது சட்டப்படி குற்றம். சாப்பிட ஆசைப்பட்டால் பிடித்துத்தான் தீர வேண்டும். திரும்பவும் போகக் கணக்குப் போட்டால் 7,000 வெள்ளியை (ரிங்கிட்) தாண்டுகிறது. வீட்டுக் கடன் கட்டுகிறவனுக்கு இந்த வருடம் அது நடக்காது. நம் மலேசிய ஆறுகளிலோ டிரவுட் பிழைக்காது. தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினாலே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். 5ஆம் நம்பர் லைனுக்கான 9 அடி ராட், அதாவது தூண்டில் கோல், அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது.

ரவாங்கில் இருக்கும் அண்ணன் ஒருவர்தான், நம் ஆற்று மீனான செபாராவைச் சொல்லி அதை எழுப்பிவிட்டார். "செபாராவ் ஒன்ன மாட்டிப் பாரு தம்பி, டிரவுட்ட மறந்துடுவ."

கேஎல் சென்ட்ரலில் காலை கொமுட்டர் ரயில் ஏறினேன். கோல குபு பாரு வரை 10 வெள்ளிகூட ஆகவில்லை. ஆனால் ஸ்டேஷன் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம். வெளியே ஒரே ஒரு வாடகைக் கார் நின்றது. ஆற்றங்கரைக்கு 50 வெள்ளி என்றார் டிரைவர். ஏன் என்று கேட்டால், "ஹரி மிங்கு, போஸ்." ஞாயிற்றுக்கிழமை என்றால் பெட்ரோல் விலை ஏறிவிடுமா? ரயிலுக்குக் கொடுத்ததைப்போல் ஐந்து மடங்குக்கு மேல், அதுவும் கால் மணி நேரப் பயணத்துக்கு! 40க்கு இறங்கினார், அதற்குமேல் அசையவில்லை. பகல் கொள்ளை. வேறு வழியில்லாமல் கொடுத்தேன், இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆற்றைப் பார்த்ததும் அந்த எரிச்சல் அடங்கியது. கல்லுக்குக் கல் தாவும் வெள்ளை நீர், கரையோரம் மூங்கில், மேலே பனிமூட்டம். அண்ணன் மோட்டார் சைக்கிளில் முன்பே வந்து நின்றார்.

சாதாரணத் தூண்டிலில் ஈயத்தின் எடைதான் லைனை இழுத்துப் போகும். ஃப்ளையில் நேர்மாறு. இறகும் நூலும் சேர்ந்த ஃப்ளைக்கு எடையே கிடையாது, கனமான லைன்தான் அதைச் சுமக்கும். அதற்காக லைனைப் பின்னால் விசிற வேண்டும், பின்னாலோ மூங்கில். அதனால் ரோல் காஸ்ட்தான். தண்ணீர்மேலேயே லைனைச் சுருட்டி முன்னால் தள்ளுவது. டிரவுட் வாய்க்கு ஃப்ளை தானாக மிதந்து வர வேண்டும். செபாராவ் துரத்தி அடிக்கிற மீன். குட்டிமீன் பயந்து ஓடுவதுபோல் லைனை வெடுக் வெடுக்கென்று இழுக்க வேண்டும்.

சின்ன ஓடை ஒன்று ஆற்றில் வந்து விழும் இடம். மூன்றாவது வீச்சில் டம்மென்று அடித்தது. பழக்கதோஷத்தில் ராடைத் தூக்கினேன். போயிற்று.

"ராட தூக்காத தம்பி! கையால லைன இழு!"

டிரவுட்டுக்குத் தூக்கினால் முள் ஏறும், செபாராவின் கெட்டியான வாயில் ஏறாது. அடுத்த அடிக்கு 40 நிமிடம் காத்திருந்தேன். இந்த முறை இழுத்தேன். ராட் வில்லாக வளைந்தது, ரீல் அலறியது. முக்கால் கிலோதான் இருக்கும். வெள்ளி உடம்பில் முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் அந்தக் கறுப்புப் பட்டை, செக்கச்செவேலென்ற வால்! தொங்காரிரோவில் 2 கிலோ டிரவுட்கூட முதல் அடியில் என்னை இப்படி உலுக்கவில்லை. நீரோட்டத்தைப் பார்க்க அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்தேன், மூச்சு வாங்கிக்கொண்டு நழுவிப் போனது. செபாராவைக் குழம்பு வைப்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு.

பதினோரு மணிக்குத் தண்ணீர் தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்துக்கு மாறத் தொடங்கியது, சருகுகள் மிதந்து வந்தன. "கெப்பாலா ஆயர் வரும், ஏறு" என்றார் அண்ணன். மலையில் மழை கொட்டினால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் சுவராக வந்து இறங்கும். ஒரு வார்த்தை பேசாமல் ஏறினேன். நீங்களும் ஏறிவிடுங்கள்.

ஊரில் சுடச்சுட ஆளுக்கு 3 ரொட்டி சானாய், பருப்புக் கறி, சம்பல். இருவருக்கும் சேர்த்து 14 வெள்ளி. அந்த டிரைவரின் 40 வெள்ளிக்கு 17 ரொட்டியாவது தின்றிருக்கலாம்.

அடுத்த ஞாயிறு ரவாங்கில் இறங்கி அண்ணனின் மோட்டாரில் போகிறேன். ராட் 4 துண்டாகக் கழலும், முதுகுப்பையில் அடங்கிவிடும்.