டீக்கடை வாசலில் 19ஆம் நாள்

சிகரெட்டை விட்டு இன்றோடு 19 நாள். வீட்டில் பெரிய சிரமம் இல்லை. ஆபீஸ் பக்கத்து டீக்கடையில்தான் மனசு அலைபாய்கிறது. கடைத் தூணில் தொங்கும் கயிற்றின் நுனியில் கங்கு அணையாமல் கிடக்கும். நண்பன் குனிந்து அதில் பற்றவைத்து முதல் இழுப்பு இழுக்கும்போது, என் விரல்கள் தானாகச் சட்டைப் பையைத் தடவுகின்றன. பையில் இப்போது இருப்பது கிராம்பு.

அந்தத் தவிப்பு சில நிமிடம்தான். கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, டீ கிளாஸோடு புகை வராத பக்கம் போய் நின்றுவிடுகிறேன். நேற்று கூச்சத்தை விட்டுச் சொல்லியும்விட்டேன்: "மச்சான், நானே கேட்டாலும் கொடுக்காதே."

"சரிடா" என்றவன், இன்று ரோட்டோரம் தள்ளிப் போய் எனக்கு முதுகைக் காட்டி நின்று பிடித்தான். எவ்வளவு பெரிய உதவி அது! கண் கலங்கிவிட்டது.

அப்புறம், விட நினைக்கிறவர்கள் 1800-11-2356 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் இலவச ஆலோசனை எண்.

நாளை ஒரு கல்யாணம். பழைய கூட்டம் மொத்தமும் மண்டபத்துக்கு வெளியே பைக் நிறுத்துமிடத்தில்தான் கூடும். நான் பந்தியில் பரிமாறப் போகிறேன் என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.